உன் நிலாக் கதையை நான் விசாரித்த விதம்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் போன வாரம் திங்கட்கிழமை வந்தது. பெண் வீட்டார் சம்மதித்ததையும், கல்யாணத்தை நம் மாதா கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னதையும் எழுதியிருந்தாய். உன் அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. நான் மட்டும் கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன். "அவள் கதை எழுதுகிற பெண், அம்மா. நான்கைந்து அச்சிலும் வந்திருக்கின்றன. தயவுசெய்து அவளிடம் எதையும் விசாரிக்காதீர்கள்" என்று எழுதியிருந்தாய். போன மாதம் இப்படி ஒரு வரி வந்திருந்தால் சுடச்சுட ஒரு பதில் எழுதியிருப்பேன். மாமியாரென்றால் மருமகளிடம் நாலு வார்த்தை கேட்கக்கூடாதா என்று சண்டைக்கு வந்திருப்பேன். ஆனால் இந்தப் புதன்கிழமை உன் பழைய தகரப் பெட்டியில் ஒன்றைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு அந்த வரிக்கு அர்த்தம் வேறாகிவிட்டது.

எட்டு வருடத்துக்கு முன்னால் உனக்கு ஒரு துரோகம் செய்தேன். அதைச் சொல்லாமல் உன் கல்யாணத்தில் வந்து முன்வரிசையில் நிற்க என்னால் முடியாது. சொன்னால், அந்தப் பெண்ணின் பக்கமே என்னை அண்டவிடக்கூடாது என்று நீ முடிவு செய்யலாம். லீவுக்குத் திண்டுக்கல் வருவதையே நிறுத்தலாம். அது உன் இஷ்டம், நான் குறுக்கே பேச மாட்டேன். நாளைக் காலை உன் அப்பா கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறார். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டப்போவதில்லை. பழனி தாண்டுவதற்குள் எடுத்துப் படித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும், படிக்கட்டும். அவருக்கும் இது தெரியாது. நீ படித்துவிட்டு அந்தப் பெண்ணிடமும் கொடு. வீட்டுக்கு வருகிறவளுக்கு மாமியார் எப்படிப்பட்டவள் என்று முன்கூட்டியே தெரிவது நல்லது.

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால்காரர் அளக்கும்போது செம்பைச் சாய்த்துப் பார்க்காமல் ஒரு நாளும் வாங்கியதில்லை. தையற்காரரிடம் துணி கொடுத்தால் வெட்டிய துண்டுகளையும் திருப்பிக் கேட்பேன். சந்தையில் கத்தரிக்காய் விற்கும் எரியோட்டு அம்மாள் என்னைக் கண்டாலே, "டீச்சர் வாராக, மேல இருக்கத எடுத்துட்டு அடியில இருக்கதக் காட்டு" என்று தன் மருமகளிடம் சொல்வாள். போதாததற்குப் பார்த்த வேலையும் அப்படி. பெண்கள் பள்ளியில் இருபது வருடம் விஞ்ஞானம் நடத்தி, வருடத்துக்கு இருநூறு பரீட்சைத் தாள் திருத்தியவளுக்கு ஒரு கண் வந்துவிடும். இரண்டு தாளில் ஒரே தப்பு இருந்தால் ஒன்று காப்பி. ஒரு தாளில் தப்பே இல்லையென்றால் அதுவும் காப்பி. இதுதான் என் சட்டம், நிறையப் பேரைப் பிடித்தும் இருக்கிறேன். அந்தச் சட்டம் ஒரு தடவை தவறினால் யார் தலையில் விழும் என்று மட்டும் யோசித்ததில்லை.

நத்தம் ரோட்டில் டூரிங் டாக்கீஸ் போட்டிருந்த காலம் உனக்கு மறந்திருக்காது. விஞ்ஞானப் படம் என்று நோட்டீஸ் வந்தால் போதும், மூன்று பேரும் கிளம்பிவிடுவோம். உன் அப்பா படம் பார்க்கிற அழகே தனி. அய்யலூர்ச் சந்தையில் நூறு ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைச் சொல்கிற மனுஷர், வெள்ளைத் திரையில் எதைக் காட்டினாலும் அப்படியே நம்பிவிடுவார். நான் நேரெதிர். படம் முடிந்து வீட்டுக்கு வந்து சோறு போட்டதும் நம் விசாரணை ஆரம்பிக்கும். கதை ஓடுகிறதா, இடறுகிறதா என்பது முதல் கேள்வி. நடக்கக்கூடியதா, கூடாததா என்பது இரண்டாவது. மருந்தைக் குடித்துவிட்டு மறைந்துபோகிறவன் ஒருவன் வந்தானே, ஞாபகமிருக்கிறதா? மருந்தைக் குடித்தது அவன், வேட்டி எப்படி மறைந்தது என்று நான் கேட்டேன். நீ இன்னும் ஒரு படி மேலே போனாய். கண்ணும் மறைந்துபோனால் வெளிச்சம் அதற்குள் எங்கே விழும், அவன் குருடனாகத்தானே இருக்க வேண்டும் என்றாய். உனக்குப் பதினான்கு வயது. நான் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்தேன். உன் அப்பா, "காசு குடுத்துப் பாத்துட்டு வந்து அந்தப் படத்த அறுத்துக் கூறு போடுறதுல தாய்க்கும் மகனுக்கும் அம்புட்டு ஆனந்தம்" என்றார். ஆனந்தம்தான். இன்றைக்கு யோசித்தால், என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக நான் சோறு பரிமாறிய நாள் இல்லை.

பிறகு நிலவுக்குப் போகிற படம் ஒன்று வந்தது. ரஷ்யாக்காரர்கள் முதல் செயற்கைக் கோளை வானத்தில் சுற்றவிட்டதற்கு அடுத்த கோடையில் என்று நினைக்கிறேன். ஊரெல்லாம் நிலாப் பேச்சாக இருந்த சமயம். அந்தப் படத்தில் நிலவில் இறங்கிய கதாநாயகன் முதல் காரியமாகச் சிகரெட் பற்றவைத்தான். காற்றே இல்லாத இடத்தில் நெருப்புக்குச்சி எப்படி எரியும்? கதாநாயகியின் முந்தானை பறந்தது. இருவரும் பத்தடி தள்ளி நின்றுகொண்டு கொஞ்சிக் கொஞ்சிப் பேசினார்கள். அன்றைக்குச் சாப்பாட்டில் படம் முழுவதும் தள்ளுபடி என்று தீர்ப்புச் சொன்னேன். நீ மட்டும் விடவில்லை. "அப்ப நிலாவுல ரெண்டு பேரு எப்படித்தாம்மா பேசிக்கிறது?" என்று கேட்டாய். பேசவே முடியாது, சத்தம் போக அங்கே ஒன்றுமில்லை என்றேன். ரேடியோ வைத்துக்கொண்டால் என்றாய். ரேடியோ கெட்டுப்போனால் என்றேன். "கதை எழுதுறவன் அதுக்கு ஒரு வழியக் கண்டுபிடிச்சிட்டு எழுதட்டும். கண்டுபிடிக்க ஏலாட்டி எழுத வேணாம்" என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

புத்தகங்களையும் விட்டுவைத்தேனா? வாரப் பத்திரிகைகளில் வந்த விஞ்ஞானத் தொடர்களைக் கிழித்துத் தைத்து, ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் குறி போட்டுத்தான் படிப்பேன். செவ்வாய்க் கிரகத்து ராஜகுமாரி சுத்தமான செந்தமிழ் பேசுவாள், யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. விஞ்ஞானி ஒருவர் கண்ணாடிக் குடுவையில் பச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டு குலுக்குவார், உலகம் அழியும் நிலைக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட கதையில் ஒரே ஒரு பொய்யை அனுமதிக்கலாம் என்பது என் கணக்கு. நிலவுக்குப் போய்விட்டார்கள் என்று எழுதினால் சரி, போகட்டும், அது ஆசிரியரின் உரிமை. போன பிறகு அங்கே நடப்பதெல்லாம் அந்த இடத்தின் நியாயப்படி நடக்க வேண்டும். கதை இடறும்போது தூக்கிவிட இரண்டாவது பொய்யைக் கூப்பிட்டால் அங்கேயே மூடி வைத்துவிடலாம். இதை இன்றைக்கும் நம்புகிறேன். நான் செய்த தப்பு கதையை விசாரித்ததில் இல்லை, எழுதியவனை விசாரித்ததில் இருக்கிறது.

நீ ஒரு வாரப் பத்திரிகையின் மாணவர் கதைப் போட்டிக்கு எழுதினாய். தபாலில் ஒரு பிரதியைச் சேர்த்துவிட்டு, இன்னொன்றை நாற்பது பக்க நோட்டில் எழுதி என்னிடம் கொடுத்தாய். "படிச்சுப் பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாய். நான் அன்று மாலையே படித்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேர் நிலவுக்குப் போகிறார்கள். சொத்துத் தகராறில் வருடக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள், வேலைக்காக மட்டும் ஒன்றாக அனுப்பப்படுகிறார்கள். போகிற வழியெல்லாம் வேலைப் பேச்சைத் தவிர ஒரு பேச்சில்லை. நிலவில் இறங்கிய பிறகு ரேடியோ கெட்டுவிடுகிறது. தம்பி ஒரு பள்ளத்தில் விழுந்து கால் மாட்டிக்கொள்கிறான். அண்ணன் ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தன் தலைக்கவசத்திலும் மறு முனையைத் தம்பியின் தலைக்கவசத்திலும் முட்டுக்கொடுத்து, கம்பி வழியாகப் பேசுகிறான். அவர்கள் நடக்கும்போது கிளம்பும் தூசி நம் ஊர்ப் புழுதிபோல மிதப்பதில்லை, கல்லைப் போட்டதுபோல் நேரே விழுகிறது. பட்டப்பகலில் வானம் கறுப்பாக இருக்கிறது. நட்டுவைத்த கொடி தொய்ந்து கிடக்கிறது. சாப்பாடு மட்டும் புளிச்சோறு.

படித்து முடித்ததும் எனக்கு வந்தது சந்தோஷமில்லை, அப்பு. சந்தேகம். ஒரு தப்புக்கூட இல்லையே! சிவப்புப் பென்சில் கையில் சும்மா இருந்தது. நிலவைப் பார்த்துவிட்டு வந்தவன்போல ஒரு பதினாறு வயதுப் பையன், அதுவும் திண்டுக்கல்லில், எப்படி எழுத முடியும் என்று மனம் குடைந்தது. தூசி எப்படி விழும் என்று நானே யோசித்ததில்லை. இரும்புக் கம்பியில் பேசுவது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. புளிச்சோறு மட்டும் நம் ஊர்ச் சரக்கு, மற்றதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துச் சாப்பாட்டை மட்டும் மாற்றியிருக்கிறான் என்று கணக்குப் போட்டேன். உன்னைக் கூப்பிட்டு எந்தப் புத்தகத்தில் எடுத்தாய் என்று கேட்டேன். நானே எழுதினேன் என்றாய். மறுபடி கேட்டேன். அதையே சொன்னாய். மூன்றாம் தடவை, "எங்கிட்ட உண்மையச் சொல்லிட்டா ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்கிற குரலில் கேட்டேன். நீ நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாய். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததையும் நான் குற்றத்துக்குச் சாட்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கார்டு வந்தது. உன் கதை தேர்வாகியிருக்கிறது, நான்கு வாரம் வெளியாகும் என்று. உன் அப்பா அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் ஆட்டைப் பார்த்தாரோ இல்லையோ, எழுதப் படிக்கத் தெரியாத தரகர்களுக்கெல்லாம் கார்டைக் காட்டிவிட்டு வந்தார். தெருவுக்கே அல்வா கொடுத்தார். நான் அந்த அல்வாவைத் தொடவில்லை. அச்சில் வந்து, யாரோ ஒருவர் அந்த ஆங்கிலப் புத்தகத்தைக் காட்டினால் என்ன ஆகும்? விஞ்ஞான டீச்சர் மகன் திருடினான் என்று சொல்வார்களே, நான் எந்த முகத்தோடு வகுப்பில் போய் நிற்பது என்று நினைத்தேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் போட்டியில் தேர்வான நிலாக் கதை வேற்றுமொழி நூலொன்றிலிருந்து எடுக்கப்பட்டதோ என்று ஐயம் இருக்கிறது, வெளியிடுமுன் விசாரிப்பது நல்லது என்று எழுதி, பெயர் போடாமல் "ஓர் ஆசிரியை" என்று முடித்தேன். எழுத்தைக்கூட மாற்றி, அச்செழுத்துப் போல் எழுதினேன்.

அப்போது அது எனக்குக் கடமையாகவே பட்டது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்களே, இவர்களுக்கு இடையில் தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் வந்து அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் சொல்வாரே, அதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். உள்ளதை மறைத்தால் பாவம் என்று மனத்தில் ஊறிப்போயிருந்தது. தெரிந்தவர்கள் என்றுதான் ஓலையில் இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் என்று இல்லை. அந்த வித்தியாசம் போன ஞாயிறு உன் முதல் ஓலையை வாசிக்கும்போதுதான் என் காதில் விழுந்தது.

கதை திரும்பி வந்தது. வருந்துகிறோம் என்ற ஒரு வரிச் சீட்டு இருந்ததாகச் சொன்னாய். உன் அப்பா நம்பவே இல்லை, கார்டை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்கே போய்க் கேட்கிறேன் என்று நின்றார். நீதான் வேண்டாமென்று தடுத்தாய். "விடுங்கப்பா, அவங்களுக்குப் பிடிக்கல" என்றாய். அதன் பிறகு நீ ஒரு கதையும் எழுதவில்லை. படம் பார்த்துவிட்டு வந்தாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவாய். பையன் பெரியவனாகிவிட்டான், எஸ்.எஸ்.எல்.சி. படிப்பில் கவனம் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்த வருடம், நீ கல்லூரிக்குப் போன பிறகு, நம் பீரோச் சாவி உள்ளேயே ஒடிந்துபோனது. பூட்டுப் பட்டறை சுப்பையா ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன், பீரோவுக்குள் இருப்பதை அவர் பார்த்துவிடுவாரோ என்று. மெல்லிசான ஓர் இரும்புக் கம்பியைப் பூட்டுக்குள் விட்டு, அதன் மறு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் ஏதோ கேட்டேன். கையை உயர்த்தி அடக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். பூட்டு திறந்தது. பிறகு கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "செத்த நேரம் பேசாம இருக்கணும் டீச்சர். உள்ள நெம்பு விழுகுற சத்தம் காதுல கேக்காது, கம்பி வழியாப் பல்லுல கேக்கும். ஒங்க மகனுக்கு இதச் செஞ்சு காட்டுனதுக்கு எப்படிக் குதிச்சான்னு நெனைக்கிறீக? நிலாவுல காத்து இல்லையாமே, அங்க பேசுறதுக்கு வழி கெடைச்சிருச்சுன்னான். எங்கம்மா இனிமே தள்ளுபடின்னு சொல்ல ஏலாதுன்னு சொல்லிக்கிட்டே ஓடுனான்."

ஆசாரி போன பிறகு நான் பீரோவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். உன் கதை வரி வரியாக மனத்தில் ஓடியது. ரேடியோ ஏன் கெட்டுப்போனது? கெட்டுப்போனால் என்ன செய்வாய் என்று கேட்டவள் நான். நிலவில் யாரும் சிகரெட் பற்றவைக்காதது ஏன்? கொடி தொய்ந்து கிடந்தது ஏன்? எல்லாம் நான் சோறு போட்டுக்கொண்டே சொன்ன ஆட்சேபணைகள். தூசி கல்லைப்போல் விழுந்ததற்கும் காரணம் நான்தான். காற்றை எடுத்துவிட்ட குழாயில் காசும் இறகும் ஒன்றாக விழும் என்று நீ ஏழாம் வகுப்புப் படிக்கையில் சொல்லிக்கொடுத்தேன், நீ அதை நிலவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாய். போட்டி நடத்தியவர்களுக்காக நீ அந்தக் கதையை எழுதவே இல்லை. நான் தள்ளுபடி செய்ய முடியாத ஒரு கதையை எனக்காக எழுதிக்கொண்டு வந்து கையில் கொடுத்திருக்கிறாய். என் கேள்விக்கெல்லாம் பதில் இருந்ததால்தான் அதில் தப்பே இல்லை. தப்பே இல்லாததால்தான் நான் அதைத் திருட்டு என்றேன். அன்றைக்கு நான் அழுததுபோல் என் தாய் இறந்தபோதும் அழவில்லை.

அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். ஏழு வருடம் எழுதவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியாருக்கு எதுவும் பிடிபடவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது பாவமா அம்மா என்று கேட்டுவிட்டு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். இவ்வளவு சுலபமாகத் தீருமா என்று அந்த மன்னிப்பின்மேலும் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். உனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாதவரை வலியும் இல்லை, நாமாகப் போய் ஏன் கிளற வேண்டும் என்று நாள் தள்ளினேன்.

புதன்கிழமை தையற்காரர் கல்யாணக் கோட்டுக்கு அளவு பார்க்க உன் பழைய சட்டை ஒன்று கேட்டார். அதற்காகத்தான் உன் பெட்டியைத் திறந்தேன், வேவு பார்க்க இல்லை, இதையாவது நம்பு. சட்டைக்கு அடியில் அந்த நாற்பது பக்க நோட்டு இருந்தது. அதற்குள் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிய பிரதி. அதோடு ஊசி குத்தி இணைத்து, என் கடிதம். ஆசிரியர் அதையும் சேர்த்தே உனக்கு அனுப்பியிருக்கிறார். அச்செழுத்துப் போல் எழுதினால் அடையாளம் தெரியாது என்று நினைத்தேனே, அந்தத் தாளின் உச்சியில், நடு மத்தியில், ஒரு சின்னச் சிலுவை இருக்கிறது. மடத்துப் பள்ளியில் படித்த காலத்திலிருந்து எந்தத் தாளில் கை வைத்தாலும், அது மளிகைச் சிட்டையானாலும், முதலில் சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுதுவேன். கீழ்க்கால் இடப்பக்கம் சாய்ந்த சிலுவை. பெயரை மறைத்தவள், எழுத்தை மாற்றியவள், பொய்க்கடிதத்துக்கும் சிலுவை போட்டிருக்கிறேன். போட்டதே எனக்குத் தெரியாது. அதைப் பார்த்தவுடனே உனக்குத் தெரிந்திருக்கும். அப்பாவை மெட்ராஸுக்குப் போக விடாமல் நீ தடுத்தது யாருக்காக என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

எட்டு வருடம் தெரிந்தே இருந்திருக்கிறாய். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது நீ பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளை வாசித்துக் காட்டினாயே, அதை நினைத்துப் பார்க்கிறேன். விஞ்ஞானத் தொடர் ஒன்றை நீ வாசிக்கும்போது, கட்டுப் போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, எங்கேயோ திருடியிருப்பான்" என்றேன். நீ பக்கத்தைத் திருப்பி மேலே வாசித்தாய். உன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதே நல்லது என்று ஒரு சமயம் தோன்றுகிறது, பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. என்னிடம் ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. நான் உன்னை மூன்று தடவை கேட்டேன்.

இந்தக் கடிதத்தையும் நான் நம்பவில்லை, அப்பு. உனக்காக எழுதுகிறேனா, கல்யாணத்தன்று தலைநிமிர்ந்து நடப்பதற்காக எழுதுகிறேனா என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம். இரண்டும் இருக்கலாம். நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே சரி என்று சொல்லிவிடுவாய், அதையும் நான் நம்பமாட்டேன். அந்தப் பெண்ணிடம் எதையும் விசாரிக்கக்கூடாது என்றாய். சரி, அப்படியே. அவளாகக் காட்டினால் படிப்பேன். காட்டாவிட்டால் கேட்க மாட்டேன். படித்தால் கதையில் வேட்டி மறைந்தது எப்படி என்று கேட்பேனே தவிர, இது யாருடையது என்று கேட்க மாட்டேன். அவளுக்கு ஒன்று மட்டும் சொல். எழுதியதை வீட்டில் யாராவது நம்பவில்லையென்றால் பேசாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டாம். நின்று சண்டை போடட்டும், என்னிடமானாலும் சரி.

உன் கதையை நான் அப்போது இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் பென்சிலோடு. நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்து, பென்சில் இல்லாமல் படித்தேன். கம்பி முட்டுக்கொடுத்த பிறகு அண்ணன் என்ன பேசுவான், வலிக்கிறதா என்று கேட்பான் என்று நினைத்திருந்தேன். "அந்த வயக்காட்ட நீயே வச்சுக்கடா" என்று சொல்கிறான். அந்த வரியை இரண்டு தடவையும் படித்திருக்கிறேன், ஆனால் என் கண்ணில் படவே இல்லை. நேற்று அந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டேன். நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாயே, அன்றைக்கு உள்ளேயிருந்து நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். கதை நன்றாக இருக்கிறது. நீ எழுதியதுதான்.

உன் அம்மா